புதுக் கத்தியின் வாய்: மடக்குக் கத்தியைச் சட்டைப்பையில் போடும் முன்

பெட்டியிலிருந்து எடுத்த மடக்குக் கத்தியை விரித்து, வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே கொண்டுபோய்ப் பாருங்கள். வாய் நெடுக மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மின்னும். சில இடத்தில் அறுந்தும் சில இடத்தில் தடித்தும் தெரியும். நன்றாகத் தீட்டிய வாயில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இருக்காது. நேர் மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மின்னுகிற இடமெல்லாம் ஒன்று மழுங்கல், இல்லையென்றால் மடிந்து கிடக்கும் பிசிர் (தேய்க்கும்போது வாயில் சுருண்டு எழும் மயிரிழை போன்ற எஃகு).

மூன்று புதுக் கத்திகளைத் தீட்டிப் பைக்குத் தயார் செய்த வேலையின் பதிவு இது. முதலாவது ஒப்பினெல் எண் 8. பிரான்சின் சவோய் வட்டாரத்தில் 1890 முதல் செய்யப்படும் கத்தி, அலகு 8.5 செ.மீ., கார்பன் எஃகு, பீச் மரப்பிடி, கழுத்தில் திருகிப் பூட்டும் வளையம். இரண்டாவது துருப்பிடிக்காத எஃகில் செய்த இரட்டை அலகுப் பேனாக்கத்தி. பூட்டு கிடையாது, பிடியின் முதுகில் உள்ள ஸ்பிரிங்தான் அலகை நிறுத்தி வைக்கிறது. மூன்றாவது ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோனோகாமி. மடித்த பித்தளைத் தகடே பிடி, அலகின் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும். வேலை நடந்த இடம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். செம்பனையும் மிச்சமிருக்கும் ரப்பரும் சூழ்ந்த இந்த ஊரில் காற்றின் ஈரமும் ஒரு கருவிதான். அதைக் கணக்கில் எடுக்காத எந்தக் குறிப்பும் இங்கே உதவாது.

தொழிற்சாலையில் வாய் வைப்பது ஓடும் சாணைப் பட்டையில், சில விநாடி வேலை. இடப்பக்கம் 20 டிகிரி விழுந்தால் வலப்பக்கம் 25 விழும். பிடியருகே உள்ள அடிவாய் சரியாக இருந்து, நுனிக்குப் போகப் போக உருண்டுவிடும். அடுத்துத் துணிச் சக்கரத்தில் பளபளப்பாக்குவார்கள். அதில் பிசிர் உதிர்வதைவிட மடிந்து ஒட்டிக்கொள்வதே அதிகம். இன்னொன்று சூடு. இந்தக் கத்திகளுக்குப் போடும் கார்பன் எஃகைக் கடினமாக்கிய பிறகு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். தண்ணீர் விடாமல் ஓடும் பட்டையில், தாளைவிட மெல்லிய வாய்முனை அந்தச் சூட்டைத் தாண்டக் கண்ணிமைக்கும் நேரம் போதும். கெட்ட பகுதி அவ்வளவு சிறியது என்பதால் நிறம் மாறியதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. புதிதில் "பதம் நிற்கவில்லை" என்று பேர் வாங்கிய கத்தி, இரண்டு மூன்று முறை தீட்டிய பிறகு நாள்கணக்கில் நிற்பது இதனால்தான். மேலே வெந்துபோன எஃகு தேய்ந்து, உள்ளே இருந்த நல்ல எஃகு வாய்க்கு வந்திருக்கும்.

ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் சில பக்கத்துக் கோலகங்சாரில்தான் நடப்பட்டன. பின்னால் தோட்டங்கள் பெருகியபோது, இந்த வட்டாரத்து லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) விடிவதற்கு முன்பே கல்லில் கத்தி தேய்க்கும் சத்தத்தோடு எழுந்தன. பால்வெட்டுக் கத்தி ஒரு வெட்டுக்கு 1.5 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பட்டையைச் சீவ வேண்டும். அதற்கு உள்ளே மரம் வளரும் படலம் இருக்கிறது. அதைத் தொட்டால் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிசிர் உள்ள கத்தி சீவாது, பிய்க்கும். தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் கத்தியைக் கையில் வாங்கியதும் கட்டைவிரலை வாயின் குறுக்கே வைத்து மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். கூர் இருக்கிறதா என்பது அந்தச் சோதனையில் பாதிதான். பிசிர் போயிருக்கிறதா என்பது மீதி. சட்டைப்பைக் கத்திக்கும் இந்தச் சோதனைதான்.

கல்லைத் தொடும் முன்

முதலில் கத்தியைக் கழுவ வேண்டும். புதுக் கத்தியின் மூட்டில் பளபளப்பு மாவும் இரும்புத் தூளும் அடைந்திருக்கும். விரித்து மடக்க மடக்க அதுவே மூட்டை அரைத்துத் தளர்த்தும். பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல் தூரிகை. இருபது தடவை திறந்து மூடினால் மூட்டிலிருந்து கறுப்பாகக் கசியும். கசிவது தெளியும்வரை தொடர வேண்டும். பேனாக்கத்தியும் ஹிகோனோகாமியும் இதைத் தாங்கும். ஒப்பினெல்லைத் தண்ணீரில் போடக்கூடாது, மரம் ஊதிவிடும். அதற்குக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தையல் மிஷின் எண்ணெய் தொட்டு, பள்ளத்துக்குள் விட்டுத் துடைத்தால் போதும்.

பேனாக்கத்தியில் பார்க்க வேண்டிய முக்கியமான ஒன்று, மூடும்போது வாய் உள்ளே இடிக்கிறதா என்பது. ரசீதுத் தாளை ஒல்லியாகக் கத்தரித்து, அலகு மடியும் பள்ளத்தின் அடியில் போடுங்கள். அலகைப் பாதி மடக்கி, மீதியை ஸ்பிரிங் "டக்" என்று இழுத்து மூட விடுங்கள். தாளில் கோடோ வெட்டோ விழுந்திருந்தால் வாய் ஸ்பிரிங்கில் மோதுகிறது. எவ்வளவு அருமையாகத் தீட்டினாலும் முதல் தடவை மூடியதும் அந்த இடம் மழுங்கும். இந்தப் பேனாக்கத்தியின் பெரிய அலகில், நடுவிலிருந்து சற்று நுனிப்பக்கம், அரிசியின் பாதி நீளத்துக்கு வெட்டு விழுந்தது. பள்ளத்தின் அடியில் அரை மில்லிமீட்டர் தோல் கீற்றை ஒட்டியதும் சரியாயிற்று. ஒட்டாவிட்டாலும், விரலால் பிடித்து மெதுவாக மூடும் பழக்கம் இருந்தால் சமாளிக்கலாம்.

மூடிய கத்தியில் நுனி பிடிக்கு வெளியே நகம் மாட்டும் அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தால், அது பைத்துணியையும் தொடையையும் கிழிக்கும். அலகின் அடியில் ஸ்பிரிங்மேல் உட்காரும் சிறு குமிழை ஊசி அரத்தால் நான்கைந்து தேய்ப்புத் தேய்த்தால் நுனி உள்ளே இறங்கும். ஆனால் குமிழைத் தேய்த்தால் அலகு முழுவதும் இறங்கும், வாய் ஸ்பிரிங்கை இன்னும் நெருங்கும். ஆகவே இரண்டிரண்டு தேய்ப்புக்கு ஒருமுறை அதே ரசீதுத் தாளைப் போட்டுப் பார்க்க வேண்டும். தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

கல்லும் கோணமும்

இரும்புக் கடையில் "பாத்து ஆசா" என்று கேட்டால் கொடுக்கும் கருநிற இரட்டைப்பக்கக் கல் பாராங்குக்கும் (வெட்டுக்கத்தி) மண்வெட்டிக்கும் ஏற்றது. சட்டைப்பைக் கத்தியின் மெல்லிய வாய்க்கு அது முரடு. புதுக் கல்லே பெரும்பாலும் நேராக இருப்பதில்லை. இந்த வேலைக்கு வேண்டியவை 400 எண் வைரத் தட்டு, 1000 எண் தண்ணீர்க் கல், பலகையில் ஒட்டிய தோல் ஆகிய மூன்று. எண் கூடக் கூடக் கல்லின் சொரசொரப்பு குறையும். 3000, 6000 கல்லெல்லாம் இருந்தால் அழகுதான். ஆனால் ராபியா என்ற பிளாஸ்டிக் கயிறு, உரமூட்டை, அட்டைப்பெட்டி வெட்டும் கத்திக்கு 1000-இல் நிறுத்தித் தோலில் முடிப்பதே மேல். அந்தக் கல் விட்டுப்போகும் நுண்ணிய பற்கள்தான் நார்ப்பொருளைப் பிடித்து அறுக்கின்றன. கண்ணாடி போல் மெருகேற்றிய வாய் கயிற்றின்மேல் வழுக்கும்.

தண்ணீர்க் கல்லைப் பத்து நிமிடம் ஊறப்போட்டு, குமிழி வருவது நின்றதும் எடுக்கலாம். அதன் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கண்ணாடித் துண்டின்மேல் 220 எண் தண்ணீர் உப்புத்தாளை விரித்துத் தேயுங்கள். எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் அழிந்தால் கல் நேர். நடுக்கோடு மட்டும் மிஞ்சினால் நடுவில் பள்ளம். பள்ளமான கல்லில் கோணம் ஒருபோதும் நிலைக்காது. கல்லுக்குத் தண்ணீரும் ஒரு சொட்டுச் சோப்பும் போதும். சமையல் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகி, கல்லின் துளைகளை அடைத்துவிடும்.

கோணத்துக்குக் கருவி வாங்க வேண்டாம், ஒரு கணக்குப் போதும். கல்லிலிருந்து கத்தி முதுகின் மையம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதுதான் கோணம். அலகின் அகலத்தில் கால் பங்கு உயர்த்தினால் ஏறக்குறைய 15 டிகிரி, மூன்றில் ஒரு பங்கு உயர்த்தினால் 20 டிகிரி. ஒப்பினெல்லின் அலகு அகலமான இடத்தில் 18 மி.மீ. என்றால் கால் பங்கு 4.5 மி.மீ. இது முதுகின் மையம்வரை. முதுகுத் தடிப்பு 1.6 மி.மீ. என்றால் அதில் பாதியைக் கழித்து, கல்லுக்கும் முதுகின் கீழ்விளிம்புக்கும் நடுவே 3.7 மி.மீ. இடைவெளி வைக்க வேண்டும். சில்லறைக் காசுகளை அந்த உயரத்துக்கு அடுக்கி, கல்லின் ஓரத்தில் வைத்து, முதுகை அதன்மேல் சாய்த்துப் பார்த்தால் மணிக்கட்டு அந்த நிலையைப் படித்துக்கொள்ளும். அகலம் 10 மி.மீ. மட்டுமே உள்ள பேனாக்கத்தியின் சின்ன அலகுக்கு அதே காசு அடுக்கை வைத்தால் கோணம் 25 டிகிரியைத் தாண்டிவிடும். சின்ன அலகு எப்போதும் மொண்ணையாகப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: பெரிய அலகுக்குப் பழகிய கை, அதே உயரத்தில் தூக்குகிறது.

கார்பன் எஃகுக்குப் பக்கத்துக்கு 15 டிகிரி. துருப்பிடிக்காத சாதாரண எஃகுக்கு 17 முதல் 18. அதைவிட மெல்லியதாக வைத்தால் வாய் மடியும்.

ஒப்பினெல்

வளையத்தைத் திருகி அலகைப் பூட்டி, கழுத்தைச் சுற்றி மறைப்பு டேப் ஒட்டியாயிற்று. கல் சேறு மூட்டுக்குள் போனால் கழுவியதெல்லாம் வீண். வாயின் இரு சரிவிலும் கறுப்பு மார்க்கர் தடவி, 400 தட்டில் இரண்டே இழுப்பு இழுத்துப் பார்த்தோம். சரிவின் மேல்விளிம்பில் மட்டும் மை அழிந்தது, வாய் நுனியில் மை அப்படியே நின்றது. தொழிற்சாலை வைத்த கோணம் நம் 15-ஐவிடப் பெரிது என்று இதற்குப் பொருள். இந்த நிலையில் கோணத்தை உயர்த்தி மையைத் தொடப் போகக்கூடாது. அதே கோணத்தில் தேய்த்துக்கொண்டே போனால், மை அழிந்த பட்டை மெல்ல அகன்று வாயை எட்டும். இடப்பக்கம் 30 இழுப்பில் எட்டியது, வலப்பக்கத்துக்கு 45 ஆயிற்று. அந்தப் பதினைந்து இழுப்பு வித்தியாசம்தான் தொழிற்சாலை விட்ட கோணல்.

எட்டியதற்கு அடையாளம் பிசிர். ஒரு பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து வாய் முழுவதும் மெலிந்ததும், எஃகு மறுபக்கம் மயிரிழை போல் சுருண்டு எழும். முதுகிலிருந்து வாய்க்கு வெளியே கட்டைவிரலை இழுத்தால் சொரசொரவென்று தடுக்கும். வாய் நெடுக விரலை ஓட்டக்கூடாது, குறுக்கேதான். அடிவாயிலிருந்து நுனிவரை இடைவெளி இல்லாமல் தடுத்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. நடுவில் ஒரு விரற்கடை வழுவழுப்பாக இருந்தால் அங்கே இன்னும் பழைய வாய்தான் இருக்கிறது. எண்ணிக்கையை நம்பிப் பக்கம் மாற்றுவதுதான் வீட்டில் தீட்டும் கத்திகள் பாதி கூரோடு நின்றுபோகக் காரணம். பிசிர் எழாமல் பக்கம் மாற்றாதீர்கள்.

நுனி வளையத் தொடங்கும் இடத்தில் பிடியைச் சிறிது உயர்த்தினால்தான் கோணம் மாறாது. எவ்வளவு என்பதை மார்க்கர் மைதான் சொல்லும். அளவுக்கு மீறித் தூக்கினால் நுனி உருண்டு, ஓராண்டில் கத்தி கரண்டி போலாகும். இழுப்பு முடியும்போது நுனி கல்லை விட்டு வழுக்கி இறங்கவும் விடக்கூடாது; கல்லின் மேலேயே நிறுத்திப் பிறகு எடுக்க வேண்டும். அடிவாயில் பூட்டு வளையம் கல்லில் இடிக்கும். அதனால் வளையம் கல்லின் ஓரத்துக்கு வெளியே தொங்கும்படி வைத்தே ஒவ்வொரு இழுப்பையும் தொடங்கினோம். 400-இல் இரு பக்கமும் பிசிர் கண்டதும் 1000 கல்லுக்கு மாறி, பக்கத்துக்கு 20 இழுப்பு, பாதி அழுத்தம். கார்பன் எஃகு இங்கே மகிழ்ச்சி தரும்: சேறு சீக்கிரம் கறுக்கும், பிசிர் மெல்லியதாக எழும், சொன்னபடி உதிரும்.

ஒப்பினெல்லின் பிடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பீச் மரம் ஈரத்தைக் குடித்து ஊதும். அக்டோபர், நவம்பர் மழையில் அலகு பிடிக்குள் இறுகி, நகம் உடையும் அளவுக்கு அடம்பிடிக்கும். பிடியின் பின்முனையை மேசையில் ஓங்கித் தட்டினால் அலகு சற்று வெளியே வரும்; சவோய் மலைக்காரர்களின் பழைய வழி அது. நிலையாகச் சரிசெய்ய, 180 எண் உப்புத்தாளை ஒரு அட்டையில் மடித்துப் பள்ளத்தின் உட்பக்கம் பத்துப் பதினைந்து தடவை தேய்த்து, தேன்மெழுகை உருக்கி மூட்டருகே மரத்தில் ஊற விடலாம். நிறையத் தேய்க்க வேண்டாம். நாளெல்லாம் குளிர்சாதன அறையில் இருக்கும் அலுவலகத்துக்குப் போனால் அதே மரம் வற்றி, அலகு லொடலொடக்கும்.

பேனாக்கத்தி

இதுதான் அதிக நேரம் எடுத்தது. துருப்பிடிக்காத எஃகு, தடித்த சரிவு, ஒரு பக்கம் இன்னொன்றைவிட அகலம். பெரிய அலகில் 400 தட்டிலேயே பக்கத்துக்கு 70 இழுப்புக்குமேல் போயிற்று. அலகு குட்டை என்பதால் தாழ்ந்த கோணத்தில் பிடியின் உலோகக் கழுத்து கல்லில் தட்டுகிறது. தட்டைத் தரையோடு வைக்காமல் ஐந்து செ.மீ. உயரக் கட்டையின்மேல் வைத்து, அதன் நீள ஓரத்தைப் பயன்படுத்தினால் கழுத்தும் விரல் முட்டியும் வெளியே தப்பிக்கும்.

அடிவாயில் இன்னொரு பொறி இருக்கிறது. சரிவு அலகின் தடித்த பகுதியில் முட்டி நிற்கும் இடத்தில் கல் முழுதாகப் படாது. அந்த இரண்டு மில்லிமீட்டரை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் தேய்த்தால், ஆண்டு செல்லச் செல்ல வாய் உட்பக்கமாகக் குழிந்து, அடியில் ஒரு கொம்பு நிற்கும். அப்புறம் கயிற்றைப் பலகையில் வைத்து வெட்டினால் கொம்பு மட்டும் பலகையைத் தொடும், கயிறு பாதி அறுந்து நிற்கும். தீர்வு எளிது: முதலில் தட்டின் மூலையால் அடிவாய் இரண்டு மில்லிமீட்டரைத் தனியாகப் பத்து இழுப்பு இழுத்துவிட்டு, பிறகு முழு நீளமும் இழுக்க வேண்டும்.

பூட்டு இல்லாத கத்தியில் அழுத்தம் எந்தப் பக்கம் போகிறது என்பதில் கவனம் வேண்டும். முதுகின்மேல் விசை விழுந்தால் ஸ்பிரிங் தோற்று, அலகு விரலின்மேல் மடியும். தீட்டும்போது இடக்கை விரல்கள் அலகின் தட்டைமேல் இருக்க வேண்டும், முதுகின்மேல் அல்ல.

ஹிகோனோகாமி

இதற்குக் காசு அடுக்கு தேவையில்லை. அலகின் சரிவு அகலமானது, அதையே கல்லில் படுக்க வைத்துத் தேய்க்கலாம். இதன் அலகில் நடுவே கடின எஃகு, இருபுறமும் மென்னிரும்பு. 1000 கல்லில் சில நிமிடம் ஓட்டியதும் மென்னிரும்பு மங்கலாகவும் வாய்ப்பக்கத்து எஃகு பளிச்சென்றும் பிரிந்து, நடுவே நீர்க்கரை போல ஒரு கோடு தோன்றும். அந்தக் கோடு நேராக ஓடாதது குறையல்ல, அடித்துச் செய்த பொருளின் இயல்பு. கையால் தேய்த்த சரிவு என்பதால் மேடு பள்ளம் இருந்தது. மேடு முழுவதையும் ஒரே நாளில் கரைக்க முயலவில்லை; வாயிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்வரை கல் சீராகப் பட்டதும் போதும் என்று நிறுத்தினோம். மீதி அடுத்தடுத்த தீட்டலில் தானாகச் சரியாகும்.

படுக்க வைத்துத் தீட்டிய வாய் மிகவும் மெல்லியது. மாங்காய்க் கொட்டையில் பட்டாலே பல் விழும். அதனால் கடைசியில் முதுகைச் சற்று உயர்த்தி, 20 டிகிரி அளவில், பக்கத்துக்கு நான்கே நான்கு மெல்லிய இழுப்பு. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்னச் சரிவுதான் வாயைக் காப்பாற்றும். மூட்டு தளர்வாக இருந்தால் ஆணியின் தலையை இரும்புக் கட்டையில் வைத்து, சிறு சுத்தியலால் ஒரு தட்டு, பிறகு சோதனை, வேண்டுமானால் இன்னொரு தட்டு. இரண்டையும் சேர்த்து அடித்தால் கத்தி திறக்காது.

பிசிரை எடுப்பது

தீட்டுவதில் பாதி வேலை இங்கேதான். கல் முடிந்ததும் மூன்று கத்தியுமே கை மயிரை மழிக்கும். பிசிரும் மழிக்கும் என்பதால் அந்தச் சோதனையை நம்ப முடியாது. அந்தக் கம்பிப் பிசிர் நேராக நிமிர்ந்து நிற்கும்வரை சவரக்கத்தி போலத்தான் இருக்கும். காலையில் நாலு அட்டைப்பெட்டி வெட்டியதும் மடிந்து, மதியத்துக்குள் கத்தி மொண்ணை.

1000 கல்லிலேயே, வாய் முன்னே செல்லும்படி, பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். முதல் ஐந்து சோடி, கையின் எடையில் பாதி. அடுத்த ஐந்து சோடி, கத்தியின் சொந்த எடை மட்டும். கடைசி இரண்டு சோடிக்கு முதுகை இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக உயர்த்தி, கல்லைத் தொட்டும் தொடாமலும். கோணம் கூடும்போது கல் பிசிரின் வேரைத் தொடும், பிசிர் மடியாமல் அறுந்துவிழும். அழுத்தினால் மறுபக்கம் புதுப் பிசிர் எழும். வேலை திரும்ப முதலிலிருந்து. பஞ்சை வாயின் இருபுறமும் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். நூலிழை எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிர் மிச்சம்.

ஒப்பினெல்லில் இது இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பேனாக்கத்தியின் மெத்தென்ற எஃகில் பிசிர் அறுந்துவிழாமல் இப்பக்கமும் அப்பக்கமும் புரண்டுகொண்டே இருந்தது. அதற்குத் தக்கைத் துண்டில் வாயை ஒருமுறை மெதுவாக அறுத்து இழுத்து, தளர்ந்த பிசிரைப் பிடுங்கி, உடனே 1000 கல்லில் ஐந்து சோடி எடையில்லா இழுப்பு. தக்கையில் இழுத்ததோடு நிறுத்தக்கூடாது. பிடுங்கிய இடம் கிழிந்த தாள் விளிம்பு போல் இருக்கும், அதைக் கல்தான் சீர்செய்ய வேண்டும்.

தோலுக்கு முடிதிருத்தும் கடைக்காரர்களின் தோல்வாரை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தொங்கும் வார் வேண்டாம். அது வளைந்து வாயை உருட்டும். பழைய இடுப்புவாரின் உட்பக்கத்தைப் பலகையில் ஒட்டி, பச்சை மெருகுக் கட்டியை மெல்லப் பூசினால் போதும். வாய் பின்னே வரும்படி பக்கத்துக்குப் பத்து. இழுப்பின் முடிவில் முதுகைத் தூக்காமல் நேராக எடுக்க வேண்டும். தூக்கும் அந்தக் கணத்தில்தான் கூர் உருளுகிறது. ஐம்பது, நூறு என்று இழுப்பதில் பயனில்லை, தோல் கல்லின் பற்களையும் சேர்த்து மழித்துவிடும்.

சோதனைக்கு நேற்றைய நாளிதழின் ஒற்றைத் தாள். மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அடிவாயில் தொடங்கி நுனிவரை இழுத்து வெட்ட வேண்டும். சத்தம் ஒரே சீராக வந்தால் வாய் சீராக இருக்கிறது. எங்கேயாவது "டிக்" என்று தடுக்கினால் அந்த இடத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு கல்லுக்குத் திரும்ப வேண்டும். பிறகு அட்டைப்பெட்டியை இருபது கீற்றாக வெட்டிவிட்டு, மறுபடி அதே நாளிதழ். பிசிர் மிச்சமிருந்த வாய் இந்த இரண்டாம் சுற்றில் மாட்டிக்கொள்ளும். பேனாக்கத்தி முதல் தடவை இதில் தோற்றது. இன்னொரு முறை பிசிர் எடுத்த பிறகுதான் தேறியது.

பைக்குள் போகும் முன்

டேப்பைப் பிரித்து, மூட்டை மறுபடி துடைத்து, பத்து நிமிடம் வெயிலில் வைத்து, ஆணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். உணவு வெட்டாத கத்திக்குத் தையல் மிஷின் எண்ணெய் போதும். பழம் காய் நறுக்கும் கத்திக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உண்ணத்தகு கனிம எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெயும் நம் வெக்கையில் உறையாமல் அலகின்மேல் நிற்கும், ஆனால் மூட்டுக்குள் விட வேண்டாம்.

கார்பன் அலகைச் சட்டைப்பையில் வியர்வையோடு ஒரு பகல் வைத்தால் மாலையில் செந்துரு புள்ளி விழும். அதற்கு முன்பே அலகுக்குச் சாம்பல் நிறப் படலம் ஏற்றிவிடுவது நல்லது. சூடான வெள்ளை வினிகரில் அலகை மட்டும் பத்து நிமிடம் தொங்கவிட்டு, கழுவித் துடைத்து எண்ணெய் பூசலாம். வினிகர் வாயையும் அரிக்கும், ஆகவே இதைக் கடைசித் தோல் இழுப்புக்கு முன் செய்ய வேண்டும். படலம் துருவைத் தடுக்காது, தாமதப்படுத்தும். எலுமிச்சை, மாங்காய், அன்னாசி வெட்டிய கத்தியைத் துடைக்காமல் மடக்கினால் படலம் இருந்தும் மறுநாள் கூர் போயிருக்கும்.

ரப்பர் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ரப்பர் பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா பித்தளையை அரிக்கும். ஹிகோனோகாமியின் பிடியையும் பேனாக்கத்தியின் உள்தகட்டையும் அது விட்டுவைக்காது. பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் கார்பன் எஃகைத் தின்னும். இரண்டில் எது பட்டாலும் அன்றைக்கே தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டும் ரப்பர் பால்) அலகில் காய்ந்துவிட்டால் கத்தியால் சுரண்டாதீர்கள், விரலால் உருட்டினால் உரிந்து வந்துவிடும்.

தீட்டிய கத்தியை எங்கே கொண்டுபோகிறோம் என்பதும் கவனிக்க வேண்டியதே. மலேசியாவில் தாக்கும் ஆயுதங்கள் குறித்த 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையான காரணம் இல்லாமல் அவற்றைப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். தோட்ட வேலைக்கும் பட்டறைக்கும் போகும்போது பையில் இருக்கட்டும். திருவிழாக் கூட்டத்துக்கும் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்கும் போகும்போது வீட்டிலேயே இருக்கட்டும்.

முதல் வாரம் முடிந்ததும் கத்தியைத் திரும்ப வெளிச்சத்துக்குக் காட்டுங்கள். வாயில் ஒரு மின்னல் புள்ளியும் இல்லையென்றால் தோலில் பத்து இழுப்பு மட்டும். ஓரிரண்டு புள்ளி தெரிந்தால் 1000 கல்லில் பக்கத்துக்கு ஐந்து, பிறகு தோல். 400 தட்டை மறுபடி எடுப்பது வாயில் பல் விழுந்தால்தான்.